திறந்த வானம், பூட்டிய பெட்டி

2006 ஜூலை 10. மாலை மணி 5.38.

ராக்கெட் விடுகிற நாளில் பழவேற்காட்டு மீனவர்களை அந்தப் பக்கத்துக் கடலுக்குள் விடமாட்டார்கள். கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு அதுகூட வேண்டாம். மொட்டை மாடி போதும். ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அப்புறம் சூலூர்ப்பேட்டை. அதற்குக் கிழக்கே ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருந்தால் நெருப்புக் கோடு நன்றாகவே தெரியும்.

அன்றைக்குக் கிளம்பியது ஜி.எஸ்.எல்.வி. எஃப்-02. அதன் தலையில் இன்சாட்-4சி. டிஷ் வைத்து டிவி பார்க்கிறோமே, அந்தச் சேவைக்கென்றே 12 கே.யு. பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களைச் சுமந்த செயற்கைக்கோள். கிளம்பிய வேகத்தில் பக்கவாட்டு எஞ்சின்கள் நான்கில் ஒன்று செத்துப்போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ராக்கெட் திசை மாறி, உடைந்து, வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அந்த ராத்திரி எந்த வீட்டிலாவது டிவி அணைந்ததா? ம்ஹூம். எல்லாம் வழக்கம் போலவே ஓடின. ஏனென்றால், நம் வீடுகளுக்குப் படம் அனுப்பிய செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் பக்கத்திலிருந்து போனவை அல்ல. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவில், கூரூ என்றொரு ஊர். அங்கிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏறியவை. கனம்தான் காரணம். 2007-ல் போன இன்சாட்-4பி 3 டன்னுக்கும் மேல். நம் ஜி.எஸ்.எல்.வி.யால் அன்று அதைத் தூக்க முடியாது. இன்று தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15-ம், 2015 நவம்பர் 11 அன்று, அதே கூரூவிலிருந்து கிளம்பியதுதான்.

(நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கடலில் விழுந்ததற்குப் பதிலாக இன்சாட்-4சிஆர் என்று இன்னொன்றைச் செய்து, அடுத்த ஆண்டே செப்டம்பர் 2-ம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே அனுப்பிக் காட்டினார்கள்.)

ராக்கெட்டுக் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்வோம். நம் விஷயம் அது மேலே ஏற்றிவிடுகிற சரக்கு. கட்டணமில்லாமல் வானத்திலிருந்து இறங்குகிற டிவி. அதைவிட முக்கியமாக, இறங்கியதைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவுகிற ஒரு சின்னப் பெட்டி.

*

'ஃப்ரீ டு ஏர்' என்று சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன? பூட்டுப் போடாத ஒளிபரப்பு. அவ்வளவுதான். செயற்கைக்கோள் அனுப்பும் அலை உங்கள் மாடியிலும் விழுகிறது, என் மாடியிலும் விழுகிறது. கட்டணச் சேனல் அதைக் குழப்பி அனுப்பும். சாவி அவர்கள் கொடுக்கும் கார்டில் இருக்கும். ஃப்ரீ டு ஏரில் குழப்படி கிடையாது. டிஷ் இருக்கிறவன் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது, அருகில் இருந்த புண்ணியத்தில் திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு ஆண்டெனாவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் படம் வந்தது. தெற்கே அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும், பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு அதைப் பார்த்தார்கள். கொழும்பு யாரிடமும் சந்தா கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. காற்றுக்கு யார் பில் போடுவது?

அரசாங்கம் போடப் பார்த்தது.

1993-ல் ஹீரோ கோப்பை கிரிக்கெட். வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. தூர்தர்ஷனுக்குக் கோபம். இந்திய மண்ணிலிருந்து சிக்னல் அனுப்பும் உரிமை எனக்கு மட்டும்தான் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரி 9-ம் தேதி தீர்ப்பு. அலைவரிசைகள் பொதுச்சொத்து. அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை, தனியாருக்கும் சொந்தமில்லை. மக்களின் நலனுக்காக அவற்றை ஒரு சுதந்தரமான பொது அமைப்பு நிர்வகிக்க வேண்டும். நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான். கிரிக்கெட்டால் நமக்குக் கிடைத்த உருப்படியான நன்மைகளில் இதையும் சேர்க்கலாம்.

தீர்ப்பு வந்தால் போதுமா? 1997-ல் ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனம் இந்தியாவில் டிடிஎச் தொடங்கத் தயாரானது. ஜூலை மாதம் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான அலைவரிசையில் டிவி சிக்னல் வாங்கும் கருவியை வைத்திருக்கவே தடை! அதாவது இன்று மாடிக்கு மாடி தொங்குகிற சின்ன டிஷ், அன்று தடை செய்யப்பட்ட பொருள். 2000 நவம்பரில்தான் மனசு மாறி அனுமதித்தார்கள். 2003 அக்டோபரில் டிஷ் டிவி வந்தது. மாதச் சந்தா கட்டி வானம் பார்க்கும் காலம் தொடங்கியது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 16. பிரதமர் மன்மோகன் சிங் டிடி டைரக்ட் பிளஸ்ஸைத் தொடங்கிவைத்தார். 33 சேனல்கள். டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவோடு சரி, அப்புறம் ஒரு பைசா கிடையாது. முதலில் அது இறங்கியது என்.எஸ்.எஸ்-6 என்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோளிலிருந்து. பிறகு இன்சாட்-4பி, அதற்கும் பிறகு ஜிசாட்-15. பெயரும் டிடி ஃப்ரீ டிஷ் என்று மாறியது. 2024-ல் அது 4.9 கோடி வீடுகளுக்குப் போவதாக அரசு சொன்னது. இதுவும் மதிப்பீடுதான். கடையில் காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறவன் யாரிடமும் பெயர் எழுதுவதில்லை. பில் இல்லாத இடத்தில் கணக்கு எங்கிருந்து வரும்?

*

இத்தனை கோடி வீடுகளில் தமிழ்நாட்டு வீடுகள் எத்தனை? தெருவில் நடந்து பாருங்கள். அபூர்வம்.

பி.காம். படித்தவன் என்பதால் இதை ரூபாயில்தான் பார்க்கத் தோன்றுகிறது. 2006 செப்டம்பரிலிருந்து தி.மு.க. அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள். பெட்டி இலவசம். படத்துக்கு? கேபிள்காரர்தான். 2011 செப்டம்பர் 2-ல் ஜெயலலிதா அரசு கேபிளைப் புதுப்பித்து மாதம் 70 ரூபாய் என்றார். டிஷ், பெட்டி, வயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்ந்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 70-ஆல் வகுத்துப் பாருங்கள். 21 மாதத்துக் கேபிள் காசு. சீரியல், சினிமா, காமெடி என்று தமிழில் கொட்டுகிற கேபிளை விட்டுவிட்டு, டிடி தமிழோடு விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்ச் சேனல்கள் வருகிற டிஷ்ஷுக்கு யார் போவார்கள்? ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் கொடுக்கின்றன. அந்த ஏலக் கூடத்தில் சத்தம் பெரும்பாலும் இந்தியில்தான்.

ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் வேறு கதை. இரும்பு உருக்கி, கம்பி இழுக்கிற ஆலைகள் நிறைந்த இடம். வேலை செய்கிறவர்களில் ஏராளமானோர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் பக்கத்து இளைஞர்கள். ஓர் அறையில் நாலைந்து பேர் தங்கும் லைன் வீடுகள். அவர்களிடம் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். தமிழ்க் கேபிளில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஃப்ரீ டிஷ்ஷிலோ இந்தி, போஜ்புரி, டிடி ஒடியா எல்லாம் சும்மா வருகிறது. 1,500 ரூபாயை நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 375. அறையைக் காலி செய்தால் டிஷ்ஷைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு கண்டுகொள்ளாத ஓர் அரசுச் சேவை இங்கே செல்லுபடியாகிறது என்றால், வெளியூர்க்காரர்களை நம்பித்தான்.

சரி, டிவி வந்துவிட்டது. பார்க்க நேரம்?

காலை 6-லிருந்து 2, மதியம் 2-லிருந்து ராத்திரி 10, ராத்திரி 10-லிருந்து காலை 6. மூன்று ஷிப்ட். ஊரெல்லாம் டிவி பார்க்கும் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை இரண்டாம் ஷிப்ட்காரன் ஆலையில் நிற்கிறான். மூன்றாம் ஷிப்ட்காரன் கிளம்பத் தயாராகிறான். கும்மிடிப்பூண்டி என்றில்லை, திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் எஸ்டேட்டிலும் ஷிப்ட்காரர்கள் பாடு இதேதான். மேலே இருக்கும் அலை பொதுச்சொத்து, சரி. ஆனால் அது வருகிற நேரம் அடுத்தவன் கையில்.

2020-ல் பள்ளிகள் மூடியபோது இந்த வலி பிள்ளைகள் வரைக்கும் வந்தது. மத்திய அரசு 1 முதல் 12 வரை வகுப்புக்கு ஒரு சேனல் என்று ஃப்ரீ டிஷ்ஷில் பாடம் நடத்தியது. தமிழக அரசின் கல்வி தொலைக்காட்சியும் பாடங்களை ஒளிபரப்பியது. நல்ல காரியம். ஆனால் ஒரே அறை, ஒரே டிவி, நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் அப்பா. பாடம் ஓடும் நேரத்தில் சத்தம் வைக்க முடியுமா?

*

இந்த இடத்தில்தான் ரெக்கார்டர் வருகிறது.

1975-ல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ ரெக்கார்டரைக் கொண்டுவந்தது. டிவியில் ஓடுவதை டேப்பில் பிடித்து, அப்புறம் பார்க்கலாம். அடுத்த வருடமே யுனிவர்சலும் டிஸ்னியும் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. எங்கள் படத்தைத் திருடும் யந்திரம் என்று குற்றச்சாட்டு. ஹாலிவுட் சங்கத்தின் தலைவர் ஜாக் வேலன்டி, 1982-ல் அமெரிக்க காங்கிரஸ் முன்னால் போய், இந்த ரெக்கார்டரைப் பாஸ்டன் நகரத்தில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கொலைகாரனோடு ஒப்பிட்டார். மிகையில் நம் மேடைப் பேச்சாளர்களே தோற்றார்கள்!

1984 ஜனவரி 17-ல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சோனி பக்கம். வேறு நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமில்லை என்றார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம். அந்த ஒரு நீதிபதி மாறி யோசித்திருந்தால் ரிமோட்டில் சிவப்புப் பொத்தான் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

நம் ஊருக்கு அந்த யந்திரம் 'டெக்' என்ற பெயரில் வந்தது. வந்த வழி பெரும்பாலும் பர்மா பஜார். ஆனால் அதில் ரெக்கார்ட் செய்தவர்கள் எத்தனை பேர்? டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று கேசட் போட்டு, விடிய விடிய தெருவே உட்கார்ந்து சினிமா பார்த்தோம். பதிவு செய்யும் யந்திரத்தை நாம் தியேட்டராகத்தான் வைத்திருந்தோம்.

பதிவு செய்ய இங்கே சட்டம் இடம் கொடுக்கிறதா? கொடுக்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவைப் பாருங்கள். ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்கிறது. படிப்பிக்கவும் ஆராய்ச்சிக்கும் கூடச் செய்யலாம். விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது.

சட்டம் கொடுத்த இந்த உரிமையைத் தொழில்நுட்பம் திருப்பி வாங்கிக்கொண்டது. கட்டண டிடிஎச் நிறுவனங்கள் ரெக்கார்டிங் வசதியுள்ள பெட்டிகளை நல்ல விலைக்கு விற்றன. அதில் பதிவானதை அந்தப் பெட்டியில் மட்டும்தான் பார்க்கலாம். கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் வெறும் குப்பை எழுத்து. ஃப்ரீ டு ஏரில் அந்தத் தொல்லை இல்லை. வரும்போதே பூட்டு இல்லாததால், பதிவிலும் பூட்டு இருக்க வேண்டியதில்லை.

*

ஆசை வந்துவிட்டதா? ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகக்கூட வேண்டாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்க் கடைகளிலேயே விசாரிக்கலாம். 60 அல்லது 65 சென்டிமீட்டர் டிஷ், அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி., ஆர்.ஜி-6 வயர், யு.எஸ்.பி. துளையுள்ள பெட்டி. எம்பெக்-4 பெட்டியாகக் கேளுங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் பாதிச் சேனல்கள் தெரியாது.

செயற்கைக்கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில், பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நம் மாவட்டத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு. வாஸ்துக்காரர்கள் பாஷையில் அக்னி மூலை. அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரம், அதாவது கிட்டத்தட்ட உச்சி. ஸ்ரீஹரிகோட்டாவோ வடக்கே. கும்மிடிப்பூண்டி டிஷ்கள் எல்லாம் ராக்கெட் தளத்துக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன!

டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்து இருப்பதாகத் தெரியாது. எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால் வருகிற மாயம் அது. எனவே கண்ணை நம்பாதீர்கள், திரையில் வரும் சிக்னல் கோட்டை நம்புங்கள். டிஷ்ஷை ஒரு விரற்கடை நகர்த்தி, ஐந்து விநாடி நின்று, கோட்டைப் பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். கடைசியில் எல்.என்.பி.யையும் லேசாகத் திருகிப் பார்க்க வேண்டும். நம் பகுதிக்கு அது நேராக நிற்கக் கூடாது, சாய்ந்துதான் நிற்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை. கடலோர உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடிக்கும், வயர் மூட்டில் தண்ணீர் இறங்கும். மூட்டைச் சுற்றி டேப் போட மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவதற்கு மட்டும் மருந்து கிடையாது. அந்த அலைக்கு மழைத்துளி எப்போதுமே ஆகாது.

பதிவுக்கு வருவோம். ஒரு மணி நேர ஒளிபரப்பு சுமார் ஒன்றரை ஜிபி பிடிக்கும். 32 ஜிபி பென் டிரைவில் 20 மணி நேரம். ஒரு வாரத்து இரண்டாம் ஷிப்ட்டுக்குத் தாராளம். டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், கரண்ட் போகாமல் இருந்தால். இந்த மலிவுப் பெட்டிகளில் ஒரே ஒரு டியூனர்தான். ஒன்று பதிவாகும்போது இன்னொன்றைப் பார்ப்பது பெரும்பாலும் நடக்காது. அறையில் நாலு பேர் இருந்தால், சண்டை நிச்சயம்.

*

இதெல்லாம் சீரியல் பார்க்கத்தானே, இதற்கு இவ்வளவு வரலாறா என்று கேட்பீர்கள்.

பிபிசியை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் விலை அதிகம் என்று அறுபதுகளின் நிகழ்ச்சிகளை அழித்து, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியை எடுத்தார்கள். 'டாக்டர் ஹூ' தொடரில் மட்டும் நூறை ஒட்டிய எண்ணிக்கையில் எபிசோட்களின் படம் காணாமல் போனது. ஆனால் ஒலி? அத்தனையும் இருக்கிறது. யார் தயவில்? டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் தயவில்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் மேரியன் ஸ்டோக்ஸ் என்று ஓர் அம்மா. முன்னாள் நூலகர். 1979-ல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் சிறைப்பிடிக்கப்பட்ட சமயத்தில், டிவி செய்திகளை இரவும் பகலும் பதிவு செய்ய ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. 2012 டிசம்பரில் இறக்கும் வரை வீட்டில் ரெக்கார்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சேர்ந்தவை சுமார் 70,000 டேப். பைத்தியம் என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்திருப்பார்கள். பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு அத்தனையையும் வாங்கிக்கொண்டது. செய்தி நிறுவனங்களே வைத்திருக்காத நாட்கள் அதில் இருக்கலாம்.

நம் பக்கம் அப்படி ஒரு மேரியன் அம்மாவை நான் பார்த்ததில்லை. பொதிகையில் ஓடிய கச்சேரி, வயலும் வாழ்வும், தெருக்கூத்து எல்லாவற்றையும் யாராவது ஒருவர் வீட்டில் பிடித்து வைத்திருந்தால் அவர் காலில் விழலாம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்தத் திறந்த வானத்துக்கும் பூட்டுப் போடலாமா என்ற யோசனை ஓடுகிறது. டிராய் அமைப்பு, ஃப்ரீ டிஷ்ஷை ஒவ்வொரு பெட்டிக்கும் அடையாள எண் உள்ள முறைக்கு மாற்றுவது பற்றிக் கருத்துக் கேட்டு அறிக்கை வெளியிட்டது. காரணங்கள் அபத்தமானவை அல்ல. எத்தனை வீடு பார்க்கிறது என்று தெரியாமல் விளம்பரக் கணக்கு போட முடியாது. கட்டணச் சேனல்கள் காசு வாங்கும் நிகழ்ச்சிகளையே இங்கே ஓசியில் விடுவதாகக் கேபிள்காரர்களுக்கும் புகார். மாதச் சந்தா கேட்கப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியே இருந்தாலும், சிக்னலுக்குப் பூட்டு வந்தால் பதிவுக்கும் பூட்டு வரும். சேவை இலவசமாகவே இருக்கும், பதிவு மட்டும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்கும். இரண்டாம் ஷிப்ட்காரனுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, பெட்டி உயிரோடு இருக்கும் வரை. பத்து வருடம் கழித்துத் தேடுகிறவனுக்குத்தான் மொத்தமும் நஷ்டம். என் ஓட்டு பூட்டு இல்லாத பெட்டிக்கே. எண்ணிக்கை தெரிய வேண்டுமானால் ஆள் அனுப்பி எண்ணட்டுமே.

பூட்டு இன்றைக்கே சில பெட்டிகளில் வேறு வேஷத்தில் இருக்கிறது. சிக்னல் திறந்தே வந்தாலும், பெட்டி செய்தவர் தனக்கு மட்டும் புரிகிற ஃபைலாக எழுதிவிடுவார். அட்டைப்பெட்டியில் 'ரெக்கார்டிங் வசதி' என்று மட்டும் போட்டிருக்கும். அதனால் கடைக்குப் போகும்போது பையில் ஒரு பென் டிரைவ் எடுத்துப் போங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால், கடைக்காரரின் டிஷ்ஷிலேயே எந்தச் சேனலையாவது இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு பென் டிரைவைக் கழற்றிப் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் போடச் சொல்லுங்கள். படம் ஓடினால் வாங்குங்கள்.